தேடல் பக்கத்தில் ஜாவா அழைப்புகளை ஏன் எடுக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தின் தேடலை அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளின் 9-ஆம் பதிப்புக்கு மாற்றப்போகிறோம். அதோடு, பக்கத்தை அமைக்கும் ஸ்டைல்ஷீட் கோப்புக்குள்ளிருந்து ஜாவா நிரலைக் கூப்பிடும் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்களையும் (கூடுதல் கட்டளைகளையும்) எடுத்துவிடுகிறோம். நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் சோலர் தரும் முடிவுகளை, பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாக்குவது எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட். உங்களிடம் இருப்பவை 1999-இல் வந்த 1.0 பதிப்பில் எழுதியவை. அதில் தேதியைக் கையாள வழியே இல்லை. அதனால்தான் ஜாவாவின் உதவி தேவைப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், தேதியை வடிவமைக்கக் கூப்பிடும் அதே வழியில் சர்வரில் ஒரு கட்டளையையும் ஓட்டிவிடலாம். ஸ்டைல்ஷீட்டைத் திருத்துகிறவர் பெரும்பாலும் நிறமும் எழுத்தளவும் மாற்ற வரும் டிசைனர். வாசலில் கோலம் போட வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுத்த கதைதான்.

சரி, தேதிக்கு என்ன செய்வது? சோலர் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. ஏப்ரல் 14 அதிகாலை 3 மணிக்கு ஏற்றிய கட்டுரையின் தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் ஏப்ரல் 13 என்று காட்டும். இனி தரவை ஏற்றும்போதே இந்திய நேரத்துக்கு மாற்றி, ‘14 ஏப்ரல்’ என்று தனிப் புலத்தில் எழுதிவிடுவோம். ஸ்டைல்ஷீட் அதை எடுத்துக் காட்டினால் போதும்.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோடில் ‘ன’வின் இடம் ‘ப’வுக்கு முன்னால், நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி. இதைச் சரிசெய்ய ஜாவாவைக் கூப்பிட்ட ஸ்டைல்ஷீட்களும் உண்டு. உண்மையில் அது வீண் வேலை. சோலர் தானாக ஒரு பக்கத்துக்கு அனுப்புவது பத்து முடிவுகள். ஸ்டைல்ஷீட் அந்தப் பத்தைத்தான் அடுக்க முடியும். மொத்தப் பட்டியலும் ஒழுங்காக வர வேண்டுமானால் சோலர் தேடுவதற்காக வைத்திருக்கும் இண்டெக்ஸிலேயே தமிழ் வரிசை இருக்க வேண்டும். சோலரில், அந்தந்த மொழியின் வரிசைப்படி அடுக்க உதவும் ஐசியு கொலேஷன் புலம் அதற்கென்றே இருக்கிறது, அதை அமைத்துத் தருகிறோம்.

ஜாவாவைக் கூப்பிடாத ‘நோட்-செட்’ என்ற எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனை மட்டும் பயன்படுத்தும் ஸ்டைல்ஷீட்களைத் தொட மாட்டோம். அப்புறம், சோலர் 9-இல் எக்ஸ்எஸ்எல்டி வசதி ‘ஸ்கிரிப்டிங்’ என்ற தனி மாட்யூலுக்குப் போய்விட்டது. அதை நாங்களே இயக்கிவிடுவோம்.

உங்கள் டிசைனரிடம் ஸ்டைல்ஷீட்டின் முதல் சில வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நேம்ஸ்பேஸ் அறிவிப்பில் (xmlns என்று தொடங்கும் பகுதியில்) ‘ஜாவா’ (java) என்று ஏதாவது இருந்தால் அந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சோதனைச் சர்வரில் உங்கள் பக்கத்தைக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் மாற்றுவோம்.

அன்புடன்,
தேடல் பராமரிப்புக் குழு