ஆண்டறிக்கை: ஓடு மாற்றிய செலவு யாருடையது?

நம் தெருச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார், சாக்கடை மனு பற்றிப் போன கூட்டத்திலேயே பேசியாகிவிட்டது. அதனால் இந்த வருடம் என்னை அதிகம் அலைய வைத்த விஷயத்துக்கே நேரே வருகிறேன். வாடகை வீட்டு ரிப்பேருக்கு யார் காசு கொடுப்பது என்ற சண்டைதான் அது.

கும்பகோணத்தில் நம் தெருவைப் போல் பழைய ஓட்டு வீடுகள் இருக்கிற இடத்தில் ஐப்பசி பிறந்தாலே இது ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை அடைமழையில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்து ஓடு சரிந்து, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரின் கட்டிலை ஒரே ராத்திரியில் மூன்று இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். நான் போனபோது கூடத்தில் அண்டா, குண்டான், பிள்ளையின் டிபன் பாக்ஸ் மூடி வரை ஒழுகலுக்கு வைத்திருந்தார்கள். குடியிருப்பவர் வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகனுக்குப் போன் செய்தார். "பார்த்துக்கலாம் சார்" என்ற பதிலோடு பத்து நாள் ஓடிவிட்டது. அப்புறம் குடியிருப்பவரே ஆள் வைத்து ஓடு மாற்றிவிட்டு, அந்த மாத வாடகையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மாவுக்கோ மாத்திரைக்கும் மளிகைக்கும் அந்த வாடகையை விட்டால் வேறு வருமானம் இல்லை. ஓடு சரிந்ததை மகன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போனது.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் வருடத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் அடைப்பு இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. இதை நம்மில் பலர் இப்போதுதான் கேள்விப்படுகிறோம். காலி செய்யும்போது வெள்ளையடித்த காசு என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடிப்பதை நம் ஊரில் வழக்கமாகவே வைத்திருக்கிறோம், அது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கணக்கை வைத்தே, ஓடு சரிந்த வீட்டு விவகாரத்தில் இரண்டு பேரோடும் திண்ணையில் உட்கார்ந்து ஓடு, ரீப்பர், கூலி என்று ரசீதை ஒவ்வொன்றாக வாசித்தோம். கூலிக்கு மட்டும் சீட்டு இல்லை, அதனால் வேலை செய்தவரையே கூப்பிட்டுக் கேட்டோம். பிடித்த வாடகையில் பாதியைக் குடியிருப்பவர் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார், மீதிச் செலவை மாதாமாதம் பாதி பாதியாகக் கழித்துக்கொள்ள அந்த அம்மாவும் சம்மதித்தார்.

நான்கு போர்ஷனுக்குப் பொதுவான தண்ணீர் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்த விவகாரம் இன்னும் முடியவில்லை. பொது மோட்டார் செலவு வீட்டுக்காரருடையது என்றுதான் நான் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தமும் கிடையாது, அதனால் இந்தச் சட்டப்படி வாடகைத் தகராறைக் கேட்கும் வாடகை அதிகாரியிடம் போகவும் தயங்குகிறார்கள்.

இனிமேல் வேலைக்கு ஆள் வரும் முன்பே பழுதைப் போட்டோ எடுத்து, ஆகும் செலவையும் எழுதி உரிமையாளருக்கு நேராக அனுப்பிவிடுங்கள். உரிமையாளர்களும் மகன், மருமகன் என்று ஆள் காட்டாமல் நீங்களே பதில் சொல்லுங்கள். ஓடு சரிந்த அந்த வீட்டில் பின்கட்டு ஓடு இன்னும் பாக்கி. ஆவணிக்குள் ஆள் வைப்பதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார், நானும் கூடப் போய் நிற்பேன்.