நிற்க வைத்துப் பார்க்க வேண்டிய குறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைப்பேறு தள்ளிப்போவது பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் வெரிகோசீல் என்ற பேச்சு வந்தாலே 'சிறிய ஆபரேஷன், சரியாகிவிடும்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுப்போகிற இளைஞர்களுக்கு அந்த இரண்டு வரி போதாது. இது ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுகட்டும் குறை அல்ல. ஆளை நிற்க வைத்து, கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது. இதைத் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோசீல். காலில் வரும் நரம்புச் சுருட்டும் இதுவும் ஒரே வகை. ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது உண்டு. அவர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்கள். ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். வலப்பக்கச் சிரை வயிற்றின் பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ இன்னும் மேலே ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கிவிடும். விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். தேங்கும் ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது.

பரிசோதனை அறை குளிராக இருந்தால் விதைப்பை சுருங்கிக்கொள்ளும், ஒன்றும் கைக்குப் படாது. அறை சற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நோயாளி சில நிமிடம் நின்ற பிறகு பார்க்க வேண்டும். மூச்சை அடக்கி முக்கும்போது மட்டும் தட்டுப்பட்டால் முதல் நிலை. சும்மா நிற்கும்போதே சிக்கிய நூற்கண்டு போலக் கைக்குப் பட்டால் இரண்டாம் நிலை. தொடாமலே கண்ணுக்குத் தெரிந்தால் மூன்றாம் நிலை. கைக்கே படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு ஆபரேஷன் செய்து பலன் இல்லை. படுக்க வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்து அனுப்பினால் இவை எதுவும் தெரியாது.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, நடுவயதில் திடீரென்று வந்தாலோ, படுத்தும் வீக்கம் வடியாவிட்டாலோ, வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும். உள்ளே ஏதாவது கட்டி சிரையை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

விந்துப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள் ஏராளம். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள், மறைத்தால் முடிவு பொய்யாகிவிடும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுக்கக் கூடாது. கடந்த மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், 42 சதவீதம் அசைவு என்பவை கீழ் எல்லைகள். ஒரு முறை குறைந்தது என்பதற்காக முடிவெடுக்காதீர்கள், இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

கைக்குப் படும் வெரிகோசீல் இருந்து, விந்துப் பரிசோதனையிலும் குறை இருந்து, குழந்தைக்கு முயன்றும் கிடைக்காமல், மனைவியின் பக்கம் குறை இல்லாமலோ சரிசெய்யக்கூடியதாகவோ இருந்தால் ஆபரேஷனுக்கு நியாயம் உண்டு. வளரும் பையன்களுக்கு, அந்தப் பக்கத்து விரை மற்றதைவிட 20 சதவீதத்துக்கு மேல் சிறுத்தே இருந்தால் யோசிக்கலாம். விடாத வலியும் ஒரு காரணம்தான்.

ஆனால் வலிக்கு முதலில் கத்தி வேண்டாம். இந்த வலி இழுப்பது போல, கனப்பது போல இருக்கும். நின்றால் கூடும், மல்லாந்து படுத்தால் குறையும். தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை, நெடுநேர நிற்பின் நடுவே கொஞ்சம் உட்கார்வது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்காமல் இருப்பது, இவற்றை நாலைந்து வாரம் செய்தாலே பலருக்குத் தேவலை. மடியில் லேப்டாப் வேண்டாம், வெந்நீர்த் தொட்டியில் ஊறவும் வேண்டாம். சுருண்ட சிரையைக் கரைக்கிற தைலமும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. திடீரென்று உயிர்போகிற மாதிரி வலித்து வாந்தியும் வந்தால் அது வெரிகோசீல் வலி அல்ல. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷன் என்று முடிவானால் 'மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வீர்களா?' என்று கேளுங்கள். தொடை இடுக்குக்குச் சற்று மேலே 2, 3 சென்டிமீட்டர் கீறல்தான். உள்ளே விரைக்குப் போகும் தமனி சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் சிரைகளை மட்டும் பிரித்துக் கட்ட வேண்டும். தமனி அறுந்தால் விரை சுருங்க நேரலாம். நிணநீரை வடிக்கும் மெல்லிய குழாய்களான நிணநாளங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டால் விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு சிறு சிரை விட்டுப்போனாலும் வீக்கம் திரும்ப வரலாம். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, உள்ளே கம்பிச்சுருள் வைத்து அடைப்பது இன்னொரு முறை. மறுபடி வந்தவர்களுக்கு இது நன்றாகவே பயன்படும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள், துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. காய்ச்சலோ, பெருத்துக்கொண்டே போகும் வீக்கமோ, சீழோ கண்டால் உடனே காட்ட வேண்டும்.

மறு மாதமே விந்துப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கிறது. மூன்றாம் மாதம் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பலருக்கு எண்ணிக்கை ஏறும், சிலருக்கு ஏறவே ஏறாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் கணவனின் முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அவருடைய கருமுட்டைப் பரிசோதனையையும் அதே வாரத்தில் தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகவியல் பிரிவுச் செவிலியர் ஒருவர்