மலையில் எடுத்த படத்தைப் பார்த்து மண்டபத்துக்கு ஆள் பிடிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் திருமணச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். மண்டபம், சமையல், பட்டுச்சேலை, நகை என்று ஒவ்வொன்றுக்கும் விவரமாக எழுதியிருந்தீர்கள். போட்டோக்காரரைப் பற்றி மட்டும், படங்களைப் பார்த்துப் பிடித்தவரை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சேலம் செவ்வாய்பேட்டையில் பல வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். எந்தப் படங்களைப் பார்ப்பது என்பதில்தான் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் முதலில் காட்டுவது ஏற்காட்டில் எடுத்த படங்களைத்தான். பக்கோடா பாயிண்ட், லேடீஸ் சீட், ஏரிக்கரை, காபித் தோட்டம், பின்னால் வெள்ளையாகப் பனி. பார்த்தவுடனே பெண்ணுக்கும் பிடித்துவிடுகிறது, பையனுக்கும் பிடித்துவிடுகிறது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பனியில் ஓரளவு கேமரா பிடிக்கத் தெரிந்த யார் எடுத்தாலும் படம் நன்றாகவே வரும். பனியும் மேகமும் வெயிலை வடிகட்டி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரப்பிவிடுகின்றன. கண்ணுக்குக் கீழே நிழல் விழாது, நெற்றியில் பளபளப்பு தெரியாது. அவசரமும் கிடையாது. சரியாக வராவிட்டால், இன்னொரு தடவை நடந்து வாங்க என்று சொல்லிக்கொள்ளலாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் எடுத்துவரும் அந்தப் படங்கள் அழகானவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றை வைத்து ஒருவரின் திறமையை எடைபோட முடியாது என்கிறேன்.

மண்டபத்தில் தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. விடிகாலை முகூர்த்தம், வெளியே இருட்டு. மேடையில் ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, பின்னால் எல்இடி திரை, அலங்காரக்காரர் வைத்த ஊதா வெளிச்சம் மணப்பெண்ணின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்துகொண்டிருக்கும். நடுவில் ஹோமப் புகை. எல்இடி விளக்குகளில் பல, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. ஷட்டர் வேகத்தை அதற்கேற்ப வைக்கத் தெரியாதவர் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். கெட்டிமேளம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து அட்சதை போடும், முன்வரிசையில் பத்துக் கைகள் செல்போனை நீட்டும். அந்தச் சில நொடிகளில் மாப்பிள்ளையின் விரல்களையும் பெண்ணின் முகத்தையும் பின்னால் கலங்கி நிற்கும் அம்மாவையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருகிறவரே கல்யாண போட்டோக்காரர்.

எனவே ஸ்டுடியோவில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒரே கல்யாணத்தின் படங்களை, முந்தின நாள் மாலை வரவேற்பு தொடங்கி மறுநாள் பந்தி முடியும் வரை, மொத்தமாகக் காட்டச் சொல்லுங்கள். பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கியெடுத்த சில படங்கள் எல்லோரிடமும் இருக்கும். முழுக் கல்யாணத்தைப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அடுத்தடுத்த பக்கங்களில் அதே பெண்ணின் நிறம் மாறுகிறதா? அரக்குச் சேலை ரோஸ் நிறமாகிவிட்டதா? மாநிறமான பிள்ளையைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்க வைத்திருக்கிறாரா? (இது எனக்கு மனதை வருத்துகிற விஷயம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகத்தை ஆல்பத்தில் ஒட்டி என்ன பயன்?) குடும்பப் படத்தின் இரண்டு ஓரங்களிலும் நிற்கிறவர்கள் தெளிவாக இருக்கிறார்களா? தாத்தா பாட்டிகளின் முகம் எத்தனை படத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டு முறை தெரிந்தவரா என்று கேளுங்கள். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற இணைச்சீர் எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பக்கத்தவருக்குத் தெரியும். சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் எப்போது என்ன செய்வார் என்று தெரியாதவர், அந்த நேரத்தில் வெளியே பூ அலங்காரத்தைப் படமெடுத்துக்கொண்டிருப்பார். சேலத்திலேயே சௌராஷ்டிரர் வீட்டு முறை வேறு, தேவாங்கர் வீட்டு முறை வேறு. வெளியூரிலிருந்து பெரிய தொகை கொடுத்து அழைத்து வருகிறவர் என்றால், சடங்குகளின் வரிசையை எழுதிக் கொடுத்து, விவரம் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ அவர் பக்கத்திலேயே நிற்க வையுங்கள்.

வருவது யார் என்பதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த நாட்கள் சில மாதங்களில் குவிகின்றன. ஒரே நாளில் பல ஆர்டர் எடுத்துக்கொண்டு, வாடகைக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஸ்டுடியோக்கள் உண்டு. என் தங்கை வீட்டிலேயே இது நடந்தது. ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தார்கள், முகூர்த்தத்துக்கு வந்து நின்றது முன்பின் பார்த்திராத இரண்டு பேர். யார் தாய்மாமன் என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தாய்மாமன் மாலை போட்ட படமே ஆல்பத்தில் இல்லை. ஸ்டுடியோவில் காட்ட என் தங்கை கணவரின் கையில் எழுத்தில் ஒன்றும் இல்லாததால் பேச்சு அதோடு நின்றுபோனது.

ஆகவே எழுதி வாங்குங்கள். எடுக்கப்போகிறவரின் பெயர், எத்தனை கேமரா, ஆல்பம் எந்தத் தேதிக்குள், திருத்தாத படங்களும் கிடைக்குமா, அன்று இரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைப்பாரா, எல்லாமே அதில் இருக்கட்டும். ஆல்பம் கைக்கு வரும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். டிரோன் கேட்டால் அனுமதி யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் கேட்காமல் பறக்கவிட முடியாது.

படத்தின் உரிமை பற்றிப் பலருக்குத் தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஸ்டுடியோ நீட்டும் படிவத்தில் அந்த உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாகச் சின்ன எழுத்தில் இருக்கலாம். உங்கள் மகளின் படம் ஒரு கடையின் விளம்பரத்தில் வருவதில் உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

இந்தத் தொழிலில் இருக்கும் பையன்களுக்காகவும் ஒரு வார்த்தை. முதல் நாள் மதியம் வந்தவர்கள் மறுநாள் மதியம்வரை நிற்கிறார்கள். பல மண்டபங்களில் கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்து, பாக்கியையும் தராத குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் அவர்களுக்கும் பாதுகாப்புதான்.

அடுத்த முகூர்த்த மாதங்களுக்கு முன்பாக, இரு தரப்புக்கும் பொருந்தும்படி ஒரு பக்க ஒப்பந்த மாதிரியை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு எளிய தமிழில் உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். வாசகர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஸ்டுடியோ மேசையில் வைத்துப் பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டுடியோ உரிமையாளர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.