மழைமானியில் ஏறாத மழை: போடி அடிவார மா, இலவம் சேதத்தை மரத்தடியில் வந்து கணக்கெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மா, இலவம் சாகுபடியாளர்கள் மற்றும் காய்க் குத்தகைதாரர்கள்,
முந்தல், சிறைக்காடு மற்றும் சுற்றியுள்ள மலையடிவாரப் பகுதிகள்,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தேனி.

பொருள்: பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் நிலவிய மாறுபட்ட வானிலையால் மாம்பூவும் இலவங்காயும் சேதமடைந்தது, மழை அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கூட்டு ஆய்வு நடத்தி நிவாரணம் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

போடி மலையடிவாரத் தோப்புகளில் இந்த ஆண்டு மாம்பூ நன்றாகவே இறங்கியிருந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம் அதில் பெரும்பகுதி கருகிவிட்டது. அந்த வாரத்துக்குப் பதிவான மழை சொற்பம் என்பது எங்களுக்கும் தெரியும். அந்தச் சொற்பக் கணக்கைக் காட்டி "பாதிப்பு இல்லை" என்று இந்த மனுவை மூடிவிடக் கூடாது என்பதற்காகவே, வழக்கமான ஒரு பக்க மனுவாக எழுதாமல் விரிவாக எழுதுகிறோம். பொறுமையாகப் படித்தருள வேண்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வரை வானிலையில் குறை சொல்ல ஏதுமில்லை. விடியற்காலையில் மாசிப் பனி, எட்டரை மணிக்கெல்லாம் வெயில், மாலையில் மலைக்காற்று என்று பூவுக்கு ஏற்றபடியே இருந்தது. திங்களன்று கிழக்குக் காற்று கிளம்பியது. பகல் முழுவதும் மேகம் மலையில் முட்டி அங்கேயே நின்றது. செவ்வாய் பிற்பகல் தூறல்; குடை விரிக்கும் அளவுக்குக்கூட இல்லை, ஆனால் விடவும் இல்லை. புதனன்று மூடுபனி பத்து மணி வரை விலகவில்லை. முந்தலில் நின்று பார்த்தவர்களுக்குப் போடிமெட்டுச் சாலையின் முதல் வளைவுகூடத் தெரியவில்லை. அதே நாள் நண்பகலுக்கு மேல் சுள்ளென்று வெயில் அடித்தது. வியாழன் இரவு இடியோடு ஒரு மழை அடிவாரத்தில் மட்டும் அடித்து ஓய்ந்தது. அந்த நேரத்தில் போடி பஸ் நிலையத்தில் தரை நனையவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் பங்குனியைப் போலக் காய்ந்தது, இரவில் கம்பளி தேட வைத்தது. சனிக்கிழமை மறுபடியும் மேகம், மறுபடியும் தூறல்.

இதில் புதிர் எதுவும் இல்லை. போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அதன் ஈரம் முதலில் விழுவது எங்கள் தோப்புகளில்தான். வானம் தெளிந்த இரவுகளில் மலைச்சரிவின் குளிர்காற்று கீழே வடிந்து வந்து அடிவாரத்தில் தேங்குகிறது, விடியலில் மூடுபனியாகிறது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்தில் இரண்டுமே குறைவு. போடியின் மழை என்று மாவட்ட அறிக்கையில் இடம்பெறுவது ஒரே ஓர் எண். அது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை ஓரிடத்தில் விழுந்த நீரின் அளவு. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால் வானிலைத் துறையின் வழக்கப்படி அது மழை நாளாகவே கணக்கில் சேராது. மூடுபனியோ எந்த மழைமானியிலும் ஏறாது. மழைமானியைக் குறை சொல்ல வரவில்லை; அது அளக்க வேண்டியதைச் சரியாகவே அளக்கிறது. பூவைக் கெடுத்தது அது அளக்கும் பொருள் அல்ல, அவ்வளவுதான்.

பூவைக் கெடுத்தது எது என்பதைச் சொல்கிறோம். இரவுக் குளிரும் பகல் மேகமும் சேர்ந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வரும். மாவு தூவியதுபோல் வெள்ளை படரும். மேகமூட்டத்தில் தத்துப்பூச்சி பெருகும். அது கொத்தின் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற பிசுக்கை வடிக்க, அதன்மேல் கரும்பூசணம் படிகிறது. கொத்து மணிக்கணக்கில் நனைந்தே இருந்தால் கருகல் நோயும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த மூட்டம் விலகியதும் அடித்த வெயில், ஏற்கெனவே வெந்திருந்த பூவைக் காயவைத்தது. மேகமாக இருந்த நாட்களில் தேனீயும் ஈயும் தோப்புப் பக்கமே வரவில்லை. மகரந்தம் சேராத பூ பிழைத்தாலும் பிஞ்சு பிடிக்காது.

மருந்து அடிக்கவில்லையா என்று கேட்கலாம். மொட்டுப் பருவத்தில் நனையும் கந்தகமும் பூச்சிமருந்தும் அடித்திருந்தோம். முழுப்பூவில் அடித்தால் தேனீ சாகும், மகரந்தச் சேர்க்கை கெடும், அடிக்காதீர்கள் என்று தோட்டக்கலைத் துறையே சொல்கிறது, அதைக் கேட்டோம். அதையும் மீறி அடித்த சிலரின் மருந்தைத் தூறல் கழுவிவிட்டது. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே முடிவுதான்.

"மாம்பூ உதிர்வது இயற்கைதானே" என்று ஒரு பதில் வரும். இதற்கு முன்பு ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு வந்ததும் அதே பதில்தான், கூடவே மழை அளவும் போதவில்லை என்றார்கள். உண்மைதான், ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் இருக்கும், பழமாகி நிற்பது ஒன்றோ இரண்டோதான். ஆனால் இயற்கையாக உதிரும்போது பூதான் விழும். காம்பு பச்சையாக நிற்கும், அதில் கடுகளவு பிஞ்சு தெரியும். இப்போது எங்கள் மரங்களில் காம்பே கறுத்துச் சருகாகிவிட்டது. தொட்டால் கொத்தோடு கையில் வருகிறது. இந்த வேறுபாட்டைக் காண நிபுணர் தேவையில்லை, மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

எங்கள் பெரிய அச்சம் இங்கேதான் இருக்கிறது. நெல் சாய்ந்தால் சாலையில் போகும் ஜீப்பிலிருந்தே தெரியும். வாழை முறிந்தால் புகைப்படம் எடுக்கலாம். பூ கருகிய மாமரமோ முன்பைவிடப் பச்சையாகத் தெரியும். பூ மறைத்த இலையெல்லாம் வெளியே வந்துவிடும். கருகிய கொத்துகள் இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் காற்றில் உதிர்ந்துவிடும். அதன்பின் வரும் ஆய்வுக் குழு செழிப்பான தோப்பு என்று எழுதிவிட்டுப் போகலாம். அவர்கள் மேல் தவறும் இருக்காது. சித்திரையில் காய் இல்லை என்று நாங்கள் வந்து நின்றால், "இந்த ஆண்டு மரத்துக்கு ஓய்வு ஆண்டு" என்பார்கள். ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு காய்ப்பது மாவின் குணம்தான். ஓய்வெடுக்கும் மரம் பூக்காது; பூத்துக் கருகிய மரத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். மாங்காய் மழை என்று ஒன்று உண்டு, அது மாவுக்கு நல்லதுதான். ஆனால் அது சித்திரை, வைகாசியில் காய் திரளும்போது பெய்யும் கோடை மழை. மாசியில் பூவின் மேல் விழுவது வேறு. மலைக்கு மேலே காப்பி வைத்திருப்பவர்களுக்கு மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை வேண்டும். அவர்கள் அதைப் பூ மழை என்று காத்திருந்து வரவேற்பார்கள், அந்த மழை தப்பினால் அவர்களுக்குப் பூவே இல்லை. ஆகவே ஒரே வட்டத்தில் ஒரே வாரத்தைப் பற்றி மேலேயிருந்து மகிழ்ச்சியும் கீழேயிருந்து மனுவும் தங்களுக்கு வரலாம். இரண்டும் உண்மையே.

இலவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். போடியின் தலையணை, மெத்தைத் தொழிலுக்குப் பஞ்சு தருவது இந்த மரங்கள்தான். மாசியில் காய் முற்றி வெடிக்கத் தொடங்கும். வெடித்த காய் நனைந்தால் பஞ்சு பழுப்பேறிக் கட்டியாகிவிடும். வியாபாரி அதை இரண்டாம் தரமாகத்தான் எடுப்பார். வெடிக்காத காய்கள் தப்பிவிட்டன. எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம், உதிரிக் காயாகக் களத்தில் கிடந்ததுதான் வீணானது.

மாவில் யாருக்கு நட்டம் என்பதே சிக்கலான கேள்வி. எங்கள் பகுதியில் பல தோப்புகள் பூவிலேயே குத்தகைக்குப் போய்விடுகின்றன. பூவைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுத்து, காவலும் மருந்தும் தம் செலவில் பார்ப்பவர் குத்தகைதாரர். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்து இருந்தால் ஒரு நோட்டுப்புத்தகத்தின் பக்கம். நிவாரணம் வரும்போது அது பட்டா, அடங்கலைப் பார்த்து நில உரிமையாளரின் கணக்குக்குப் போகும். பணத்தை ஏற்கெனவே கையில் வாங்கியவருக்கு நிவாரணமும், கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடும். இந்த மனுவில் நில உரிமையாளர்களும் குத்தகைதாரர்களும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். கூடிப் பேசித்தான் இதைச் செய்தோம். அந்தப் பேச்சு அவ்வளவு இனிமையாக நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

விதிகள் எங்களுக்கு எதிராக இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிமுறையில், 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரம்பு வரை இடுபொருள் உதவி உண்டு. பருவம் தவறிய மழை அந்தப் பேரிடர்ப் பட்டியலில் இல்லை. பூச்சித் தாக்குதல் இருக்கிறது. எங்கள் தோப்பில் நடந்ததில் தத்துப்பூச்சியின் பங்கை மேலே சொன்னோம். பட்டியலில் இல்லாத, மாநிலத்துக்கே உரிய பேரிடர்களுக்கு அந்த நிதியில் பத்து சதவீதம் வரை மாநில அரசு செலவிடவும் வழி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெல் பருவம் தவறிய மழையில் நனைந்தபோது, 33 சதவீதத்துக்கு மேல் சேதமானதற்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என மாநில அரசு அறிவித்தது. டெல்டாவுக்குக் கொடுத்ததில் எங்களுக்குப் பொறாமை இல்லை. பிப்ரவரி மழையும் சேதம் செய்யும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று என்பதால் குறிப்பிடுகிறோம்.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். கருகிய கொத்துகள் மரத்தில் இருக்கும்போதே, அதாவது இரண்டு வாரங்களுக்குள், வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்த கூட்டு ஆய்வுக்கு ஆணையிட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நோயியல், பூச்சியியல் அறிந்த ஒருவரை உடன் அனுப்பினால், இது பூச்சியா நோயா வானிலையா என்ற வாதம் தோப்பிலேயே முடிந்துவிடும். ஆய்வில் மழை அளவை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மரத்தின் நான்கு பக்கமும் கிளை தேர்ந்து, கருகிய கொத்து எத்தனை, பிஞ்சு பிடித்த கொத்து எத்தனை என்று எண்ணிச் சதவீதம் போட வேண்டும். எங்களில் யாருடைய தோப்பில் 33 சதவீதத்துக்குக் கீழே வருகிறதோ அவர் விலகிக்கொள்ள வேண்டியதுதான். அதில் சண்டை போட மாட்டோம்.

குத்தகைக்கு விட்ட தோப்புகளில், உரிமையாளரும் குத்தகைதாரரும் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் கொடுக்கும் ஒப்புதல் கடிதத்தை ஏற்று, உதவித்தொகையை அதில் கண்டபடி சேர்க்க வழி செய்ய வேண்டும். விதி இடம் கொடுக்காவிட்டால் அரசுக்குப் பரிந்துரையாவது அனுப்ப வேண்டும்.

தானியங்கி மழைமானிகளையும் வானிலை நிலையங்களையும் மாநிலம் முழுவதும் நிறுவும் பணியை அரசு கையில் எடுத்திருக்கிறது. அவற்றில் ஒரு வானிலை நிலையத்தை முந்தல் பக்கம் வைக்க வேண்டும். மழையை மட்டும் அளக்கும் கருவி எங்களுக்குப் பெரிதாக உதவாது; காற்றின் ஈரப்பதமும் இரவு வெப்பநிலையும் தெரிந்தால்தான் சாம்பல் நோய்க்கு எந்த நாளில் மருந்து அடிப்பது என்று முடிவு செய்ய முடியும். கருவி வைக்க இடம் தேவைப்பட்டால் எங்கள் தோப்பு ஒன்றில் தரத் தயாராக இருக்கிறோம், வாடகை வேண்டாம்.

அந்த வாரத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போடிமெட்டு ஏறும் பெண்கள் மூடுபனியில் பட்ட பாடும் சிறியதல்ல. அதை இங்கே கலந்தால் இரண்டுமே நடக்காமல் போகும் என்பதால் தனி மனுவாகத் தருகிறோம்.

ஆய்வுக்கு வரும் நாளை முந்தின நாள் மாலைக்குள் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தெரிவித்தால் எல்லோரும் அவரவர் தோப்பில் இருப்போம். காலை பத்து மணிக்குப் பிறகு வருவது நல்லது. அதற்கு முன் மூடுபனியில் உச்சிக் கொத்து கண்ணுக்குத் தெரியாது. ஏணிக்கும் தொரட்டிக்கும் நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போடி மலையடிவார மா, இலவம் சாகுபடியாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: சர்வே எண் வாரியாகத் தோப்புகளின் பட்டியல், கருகிய பூங்கொத்துகளின் புகைப்படங்கள், உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் ஒப்புதல் கடிதங்கள்.

நகல்: தோட்டக்கலைத் துணை இயக்குநர், தேனி, வருவாய் வட்டாட்சியர், போடிநாயக்கனூர்.