கம்பியில் இரண்டு கோடு போடுங்கள்

பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும் பெரியப்பாக்களுக்கும் வணக்கம்.

என் சித்தப்பாவின் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன, நடுவில் ஒன்றும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில், பரணில் உட்கார்ந்து பன்றியை விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுட்டார், குழல் நடுவில் கிழிந்துவிட்டது. (விரட்டத்தான் என்றால் குண்டு எதற்கு என்பது தனிக் கதை. மேலே போனது எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்?) ஊரில் மூன்று காரணம் சொன்னார்கள். துப்பாக்கிக்கு வயசாகிவிட்டது, அமாவாசைக்கு மறுநாள் அதை எடுத்திருக்கக் கூடாது, தாத்தாவோடு போயிருக்க வேண்டிய சாமான் அது. சித்தப்பா இன்றைக்கும் இரண்டாவதைத்தான் நம்புகிறார். துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் கிழிந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குண்டு மருந்து மேல போய் உட்கார்ந்துச்சான்னு பார்த்தியாப்பா?" என்று கேட்டார். சித்தப்பா பார்க்கவில்லை. அன்றைக்கு அது மூன்றாவது வேட்டு, முதல் இரண்டு வேட்டின் கரி உள்ளே அப்பிக்கொண்டிருந்தது, கம்பி பாதியில் இறுகி நின்றதும் போதும் என்று விட்டுவிட்டார்.

நம் துப்பாக்கியில் குழல் கிழிவதற்கு நான் கேள்விப்பட்டதிலேயே முக்கியமான காரணம் இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மருந்தும் குண்டும் ஒட்டி இருந்தால் மருந்து எரிய ஆரம்பித்த நொடியிலேயே குண்டு நகரத் தொடங்கும், அழுத்தம் ஒரே சீராக வெளியேறும். நடுவில் ஒரு சாண் காலி இடம் இருந்தால் புகை அந்த இடத்தில் வேகம் எடுத்துப் போய், அசையாமல் நிற்கும் குண்டில் முட்டும். பாரம் ஏற்றிய வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளுவதும், பத்தடி தூரத்திலிருந்து ஓடி வந்து இடிப்பதும் ஒன்றா? குழல் அந்த இடத்தில் வளையம் போட்ட மாதிரி வீங்கும், இல்லையென்றால் கிழியும். சேறு, பழைய துணி, உடைந்த கம்பித் துண்டு, எது அடைத்திருந்தாலும் கதை இதேதான். அவசரத்தில் கெட்டிக்கும் கம்பியையே உள்ளே மறந்துவிட்டுச் சுட்டவர்களும் உண்டு.

எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்றார் அந்தப் பெரியவர். நடுவிலோ வாய்ப்பக்கமோ என்றால் பெரும்பாலும் அடைப்பு அல்லது இறங்காத குண்டு. அடிப்பக்கம் என்றால் மருந்து அதிகம், அல்லது தப்பான மருந்து, அல்லது குழலின் அடியை மூடும் அடைப்புத் திருகாணி போய்விட்டது. சித்தப்பாவின் குழல் கிழிந்தது நட்டநடுவில், இடது கை தாங்கியிருந்த இடத்திலேயே.

சரி, என்ன செய்வது? குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு கம்பியை அடிவரை விடுங்கள், குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். காலிதானா என்று சந்தேகமாக இருந்தால் அதே கம்பியைக் குழலுக்கு வெளியே ஒட்டி வைத்து அளந்து பாருங்கள், உள்ளே போன நீளமும் வெளியே தெரியும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அடியில் திருகாணிக்காக ஓர் அங்குலம் முன்பின் இருக்கலாம். அப்புறம், நீங்கள் வழக்கமாகப் போடும் அளவு மருந்தும் குண்டும் சரியாகக் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. இனிமேல் ஒவ்வொரு முறையும் கெட்டிப்பதற்கு முன்னால் கம்பி முதல் கோடு வரை போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. கெட்டித்த பிறகு இரண்டாவது கோடு குழல் வாய்க்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். கோடு மேலே நிற்கிறதென்றால் குண்டு இறங்கவில்லை, அல்லது இரண்டு தடவை கெட்டித்துவிட்டீர்கள். மருந்தின் அளவையோ குண்டையோ மாற்றினால் கோட்டையும் மாற்றுங்கள். இது புதுசு ஒன்றும் இல்லை. "நாலு விரல் மருந்து" என்று நம் தாத்தாக்கள் சொன்னது வேறென்ன? வாய்க்கு மேலே கம்பி எத்தனை விரற்கடை நிற்கிறது என்று கை வைத்துத்தான் அளந்தார்கள். நாம் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

இரண்டு தடவை யார் கெட்டிப்பார்கள் என்று சிரிக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில், கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள், 27,000க்கும் மேல். அதில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன, அவற்றில் பாதி இரண்டு தடவை கெட்டித்தவை, ஆறாயிரம் துப்பாக்கிகள் மூன்றிலிருந்து பத்து தடவை வரை, ஒன்று மட்டும் 23 தடவை கெட்டித்திருந்ததாகப் பதிவு. பயிற்சி பெற்ற சிப்பாய்களே அந்தச் சத்தத்திலும் பயத்திலும் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்று தெரியாமல் மேலே மேலே கெட்டித்திருக்கிறார்கள். மழைத் தூறலில், தூக்கக் கலக்கத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இருக்கும் நமக்கு நடக்காதா? மருந்தைப் பற்றவைக்கும் கேப் மட்டும் படக்கென்று வெடித்து மருந்து பற்றவில்லையென்றால் துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிஷமாவது வையுங்கள், சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். உடனே வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபமே வரும். நம் துப்பாக்கி கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கருமருந்துக்காகச் செய்தது. பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியின் தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைக் கொட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 1884இல் பிரான்சில் வந்த புகையில்லா மருந்தின் வம்சம், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதே அளவுக்கு அது எழுப்பும் அழுத்தமே வேறு, அடிப்பக்கம் பிளந்து முகத்துக்கு வரும். பட்டாசைப் பிரித்து எடுக்கும் மருந்து இன்னும் மோசம். சில கலவைகள் இடித்தாலே, உரசினாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் பட்டாசில் குளோரேட் உப்பையும் கந்தகத்தையும் சேர்ப்பதை 1992இலேயே அரசு தடை செய்தது, அதைப் போய்க் கம்பியால் இடித்துக் கெட்டித்தால் என்ன ஆகும்? கருமருந்தையும் டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். முந்தின வேட்டின் கங்கு உள்ளே ஒரு துளி மிச்சம் இருந்தாலும் கையில் இருக்கும் டப்பா முழுவதும் பற்றிக்கொள்ளும். சின்ன மூடியில் அளந்து ஊற்றுங்கள்.

குழலின் அடிப்பக்கத்தில் கிரீடம் போட்ட முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் சீமையில் அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்த குழல். லண்டனில் 1637இலிருந்து துப்பாக்கிக்காரர்கள் சங்கமும், பர்மிங்காமில் 1813இலிருந்து அதற்கென்றே இருக்கும் நிலையமும் செய்கிற வேலை. ஆனால் அந்தச் சோதனை அன்றைய குழலுக்குத்தான். நூறு வருஷத் துருவுக்கு எந்த முத்திரையும் பொறுப்பேற்காது. கருமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் போடவில்லையென்றால் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். தண்ணீர்க் குழாயை வெட்டி லேத் பட்டறையில் அடைத்துத் தருகிறார்களே, அதைப் பற்றி ஒரே வரி: அந்தக் குழாய் தண்ணீருக்குச் செய்தது. பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே சொல்கிறது.

இனி மாவட்ட நிர்வாகத்துக்கு. அதே சட்டம்தான் பயிர்க்காவலுக்கு உரிய ஆயுதமாக இந்த வாய்வழித் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் புதுப்பிக்கப் போனால் எண்ணைப் பார்க்கிறீர்கள், ரசீதைப் பார்க்கிறீர்கள், குழலுக்குள்ளே யாரும் பார்ப்பதில்லை. முன்பு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது துப்பாக்கி வெளியே வந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷம். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறீர்கள், அதுவும் சரி. சித்தப்பா ஒரு முறை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கியபோது குழல் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி எடுக்காமல் யாராவது சுட்டிருந்தால்? வாங்கும்போது கெட்டித்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள், உங்கள் காவலருக்கும் அது நல்லது. குழல் வாயில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு முறை கம்பி விடுங்கள். புதுப்பிக்கும்போது உரிமம் பெற்ற பழுதுகாரர் ஒருவரை அழைத்து உட்கார வைத்துக் குழலைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு துப்பாக்கிக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

அண்ணன்களே, பாதியில் குண்டு மாட்டியிருக்கும் துப்பாக்கி இப்போது உங்கள் பரணில் இருந்தால், தயவுசெய்து அதைச் சுட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். கேப்பை எடுத்துவிட்டு, வாய் யார் பக்கமும் இல்லாமல் வைத்து, உரிமம் பெற்ற பழுதுகாரரைக் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் பன்றி தின்கிற கடலையைத் தின்னட்டும்.

இப்படிக்கு,
ஓர் உரிமக்காரரின் அண்ணன் மகன்