சனிக்கிழமைச் சூளை: பானைப் பட்டறை அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வாசலில் நின்றபடியே நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பட்டறையையும் வகுப்பையும் சேர்த்து இழுக்க முடியவில்லை டீச்சர், பங்குனியோடு சனிக்கிழமை வகுப்பை நிறுத்திக்கொள்கிறேன்." மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் தாங்கள் செய்த மண்பொம்மைகளைச் சுட்டு வீட்டுக்கு எடுத்து வருவதைப் பார்த்து மகிழ்ந்த பெற்றோரில் பெரும்பாலோருக்கு, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பது தெரியாது. எனக்கே ஐப்பசி வரை தெரியாது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் உங்கள் சூளையைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஓர் உணவகத்துக்காக நீங்கள் செய்திருந்த கோப்பைகளும் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் குதிரைகளும் ஒரே தட்டில் இருந்தன. ஒரு குதிரையின் பின்னங்கால் வெடித்திருந்தது. செய்த பையன் அதைக் குழலாகத் திரட்டாமல், உள்ளே வெற்றிடமே இல்லாமல் கெட்டியாக உருட்டி ஒட்டியிருக்கிறான். வெளிப்பக்கம் காய்ந்து வெளுத்துவிட்டாலும் நடுவில் ஈரம் நின்றிருக்கிறது. சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் காலையே பிளந்துவிட்டது. தெறித்த சில்லுகள் பக்கத்துக் கோப்பைகளின் விளிம்புகளைப் பெயர்த்திருந்தன. நீங்கள் கோப்பைகளை எண்ணிப் பார்க்கவில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டு, "இந்தக் காலை ஒட்டிவிடலாம், அவனிடம் சொல்ல வேண்டாம்" என்றீர்கள். ஒட்டியும் கொடுத்தீர்கள். ஒட்டிய தடம் தெரியாமல் இருக்க, நீங்கள் செம்மண்ணைக் குழைத்துப் பூசியிருந்தீர்கள். அவன் அதைக் கவனித்தான் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் விவரம் கேட்டேன். பிள்ளைகள் தடிமனாகச் செய்வதால், அவர்களுடைய பண்டங்கள் உள்ளே இருக்கும் நாட்களில் சூளையை இரவு முழுவதும் சிறு தீயில் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும் என்பதால், அந்தக் கட்டத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் மெல்லக் கடத்த வேண்டும். உங்கள் மெல்லிய கோப்பைகளுக்கு மட்டுமானால் இவ்வளவு நேரமும் எரிவாயுவும் தேவைப்படாது. இதைவிட முக்கியமான ஒன்றையும் அன்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னீர்கள். எங்கள் பிள்ளைகள் கொண்டுவருவது ஏரி மண். இரும்புச் சத்து மிகுந்த அந்த மண் 800, 900 டிகிரிக்குள் பக்குவப்பட்டுவிடும். கல்போல் இறுகும் உங்கள் ஸ்டோன்வேர் மண்ணோ, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசி 1,280 டிகிரிக்கு மேல் போனால்தான் இறுகும். அந்தச் சூட்டில் ஏரி மண்ணை வைத்தால் அது பொங்கிச் சாய்ந்து தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிள்ளைகளின் பண்டங்கள், கிளேஸ் பூசுவதற்கு முன் நீங்கள் குறைந்த சூட்டில் சுடும் முதல் சூட்டில் மட்டுமே இடம்பெற முடியும். அந்த இடம் உங்கள் கோப்பைகளிடமிருந்து பறிக்கப்பட்ட இடம். உங்கள் சோர்வுக்கு இந்தப் பொருத்தமின்மைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வகுப்பு அதற்குக் காரணமில்லை.

இந்தப் பொருத்தமின்மை நம் பகுதிக்கே உரியது என்றும் தோன்றுகிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற ஸ்டோன்வேர் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பலர் சுற்றுவட்டாரத்தில் பட்டறைகள் அமைத்தார்கள். நீங்களும் அந்த வழியில் வந்தவர்தான். சில கல் தொலைவில் வில்லியனூரில் சுடுமண் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நம் தெருவில்கூடப் பேசிக்கொண்டார்கள். ஒரே ஊர், இரண்டு மண், இரண்டு தீ. இரண்டுக்கும் இடையே போக்குவரத்து அதிகமில்லை. மீக்கரே 1980களில் சுடாத மண்கற்களால் வீட்டைக் கட்டி, உள்ளே சுட வேண்டிய செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்துப் பார்த்தார். அந்த முறை பரவலாக நிலைக்கவில்லை என்றாலும், உள்ளூர் மண்ணைப் பட்டறைச் சூளைக்குள் திணிக்காமல், அது நிற்கும் இடத்திலேயே அதற்கு ஏற்ற தீயை மூட்டினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் அம்மாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நமணசமுத்திரத்துக்கு அருகே இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரு மருங்கிலும் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைச் சிறுவயதில் எண்ணத் தொடங்கி எண்ணிக்கையை விட்டுவிடுவேன். அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் அந்தப் பக்கத்துப் புரவியெடுப்பு விழாவில், ஊரார் முதலில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்ணைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்துதான் அவர் வேலையைத் தொடங்குவார். ஊரே கூடிச் செய்யும் கலை என்று இன்று மேடைகளில் பேசப்படுவது அதுதானே! அங்கே வேளாருக்குக் கூலியும் உண்டு, மரியாதையும் உண்டு. பிடிமண் கொடுத்த ஊர், செலவை அவரே பார்த்துக்கொள்வார் என்று திரும்பிப் போய்விடுவதில்லை. நாங்கள் உங்களிடம் அப்படித்தான் நடந்துகொண்டோம். பள்ளியின் சார்பில் அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆகையால் வகுப்பைத் தொடருங்கள் என்று வெறுமனே கேட்கப் போவதில்லை. வாராவாரம் வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை போதும். பிள்ளைகளின் பண்டங்கள் இனி உங்கள் சூளைக்கு வர வேண்டாம். ஏரிக்கரைத் தெருவில் இருக்கும் வேளார் தாத்தாவிடம் பேசிவிட்டேன். பள்ளிக்குப் பின்புறம் இருக்கும் மேட்டில் வறட்டியும் சுள்ளியும் வைக்கோலும் அடுக்கி, மேலே சேற்றை மெழுகிச் சூளை வைத்துத் தருவதாகச் சொல்கிறார். கெட்டியான கால்களைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, உமி கலந்து பிசைந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும் என்றார். அவருக்கும் உங்களுக்கும் கூலி கொடுக்கப் பெற்றோர் சங்கத்தில் தீர்மானம் எழுதியாகிவிட்டது. தொகை பெரிதில்லை, ஆனால் அது அன்பளிப்பு இல்லை, கூலி என்று பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கலைவிழாவில் உங்கள் பெயரைப் பலகையில் எழுதியவர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து சக்கரம் சுற்றிய அவருடைய பெயரை எழுதாமல் விட்டதை நீங்கள்தான் தட்டிக் கேட்டீர்கள். இந்த முறை பலகையை நானே எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வடிவம் சொல்லித்தர நீங்கள் வர வேண்டும். கழுத்து எங்கே வளைய வேண்டும், எதை நீக்கினால் குதிரை நிற்கும் என்பதை நீங்கள் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிற விதமே வேறு. மற்ற சனிக்கிழமைகள் உங்களுடையவை. ஓராண்டாகத் துணி போர்த்தி வைத்திருக்கும் அந்தப் பெரிய ஜாடிகளை முடியுங்கள்.

என் வகுப்பறை அலமாரியின் மேல் 11 குதிரைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அறுப்பு முடிந்துவிட்டதால் வைக்கோலும் மலிவாகக் கிடைக்கிறது. மாசி முதல் சனிக்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமா என்று சொல்லுங்கள், தாத்தாவிடம் நாள் உறுதி செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு டீச்சர்