சின்னவனைக் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள பாப்பா,

சின்னவனுக்கு லீவு விட்டதும் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால், "கேஜிஎஃப்பில் அவனுக்குக் காட்ட என்னப்பா இருக்கு? கோடிலிங்கம் பார்த்துட்டு பெங்களூர் போயிடறோம்" என்றாயே, நம் கோலார் தங்கவயலைப் பற்றி நீ அப்படிச் சொன்னது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கோடிலிங்கம் பார்க்கட்டும். 108 அடி லிங்கத்தை அண்ணாந்து பார்க்கிற வயசுதானே. கோலாரம்மா கோயிலுக்கும் போவோம். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வேலை தேடி வருவதற்கு எவ்வளவோ முந்தியே தமிழ் இங்கே வந்து கல்லில் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் முதலில் அவனை சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துப் பக்கம் கூட்டிப்போக வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்க முடியாது, சரி. வெளியே நின்றே சொல்வேன்: இந்த மண்ணுக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் மனுஷன் வேலை செய்தான். பெங்களூருக்குக் கரண்ட் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1902-லேயே, காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து இங்கே கரண்ட் வந்தது. 1965-ல் இந்தச் சுரங்கத்தின் அடியில்தான் விஞ்ஞானிகள், காற்றுமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். அப்புறம் சயனைடு மேடு, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்று. காற்றடிக்கிற நாளில் துவைத்துப் போட்ட துணியெல்லாம் அந்தத் தூள் படிந்து நறநறவென்றிருக்கும்.

உனக்கு நான் சொல்லாத ஒன்றும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு ராத்திரி, சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டில் அலமாரி டம்ளர்கள் தானாகக் கிணுகிணுத்தன. கீழே பாறை வெடித்திருந்தது. பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினாள். எங்கள் லைனின் எல்லாப் பெண்களும் அங்கே நின்றார்கள். யாரும் பேசவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு மேலே வரும்போதெல்லாம் முகங்களைத் தேடினார்கள். விடியற்காலையில் தாத்தா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் படிக்க வைக்கிற ஓட்டத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல எனக்கு நேரமே வாய்க்கவில்லை. பேரனுக்காவது சொல்கிறேன்.

காரில் வராதே. பங்காருப்பேட்டையில் மாரிகுப்பம் ரயில் ஏறினால் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அவனுக்குக் காட்டலாம். எந்த நாள் என்று மட்டும் சொல், நான் பங்காருப்பேட்டைக்கே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா